பாத்திரம் தேய்த்த கையும் பாட்டுக் கட்டும்!



சென்ற மாதம் கிட்வாய் நகரில் நம் சங்கத்தின் கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தோம். என் கைப்பேசியில் ஒரு பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. ஒரே ஒரு கிடார், ஒரு கிழவியின் மெல்லிய குரல், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, மேடையில ஏறினா அமெரிக்காவைத் திட்டுறீங்க. கீழே இறங்கினா அமெரிக்காக்காரி பாட்டைக் கேக்குறீங்க. பத்தாவது படிச்ச ரயில்வே கிளார்க்குக்கு எதுக்குண்ணே இந்த இங்கிலீஷ் பாட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அன்று வாயால் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுத்தால் சொல்லப் பார்க்கிறேன்.

தம்பி, அமெரிக்கா ஒன்றல்ல, இரண்டு. குண்டு போடுகிற அமெரிக்கா ஒன்று. பருத்தி பொறுக்கிய, நிலக்கரி வெட்டிய, தண்டவாளம் போட்ட அமெரிக்கா இன்னொன்று. முதல் அமெரிக்காவின் சத்தம் உலகம் முழுவதும் கேட்கிறது. இரண்டாவது அமெரிக்காவின் சத்தம் அதன் நாட்டுப்பாடல்களில் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கட்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள். ஊர் விட்டு ஊர் போனவர்கள், பிறர் வீட்டில் வேலை செய்தவர்கள், கூலிக்காகக் கூட்டம் போட்டவர்கள். அதனால்தான் சொல் புரியாவிட்டாலும் எனக்கு அந்தப் பாட்டு புரிகிறது.

தண்டவாளத்தில் பிறந்த பாட்டு

என் தந்தையார் வடக்கு ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். இன்று அந்த வேலைக்கு 'ட்ராக் மெயின்டெய்னர்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கடப்பாரையின் எடை மாறவில்லை. எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நின்று கடப்பாரையைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து நெம்புவார்கள். ஆளுக்கு ஒரு நேரத்தில் நெம்பினால் தண்டவாளம் அசையாது. எல்லாக் கையும் ஒரே நொடியில் இறங்க வேண்டும். அதற்கு ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் 'ஐலசா' என்பார்கள். சிறுவனாகச் சோறு கொண்டு போனபோது அதை நான் விளையாட்டு என்றே நினைத்தேன். அது வேலைக்கான கருவி என்பது பின்னால்தான் விளங்கியது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே வேலையைக் கறுப்பினத் தொழிலாளர்கள் இதே முறையில் செய்தார்கள். முன்னால் ஒருவர் பாடுவார். அவருக்கு நல்ல குரல் இருந்தால் கூலியும் மரியாதையும் உண்டு. மற்றவர்கள் கடப்பாரையால் தண்டவாளத்தைத் தட்டித் தாளம் பிடித்து, பாட்டின் அடி விழுகிற இடத்தில் ஒன்றாக நெம்புவார்கள். முன்னால் பாடுபவர் சும்மா பாடமாட்டார். மேஸ்திரியைக் கேலி செய்வார், வீட்டில் விட்டு வந்த பெண்ணை நினைப்பார், கிடைக்காத கூலியைச் சொல்லுவார். மேஸ்திரிக்கு முன்னால் பேச முடியாததை அவருக்கு முன்னாலேயே பாட முடிந்தது.

இதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் ஒரு வங்காளத் தோழர். கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், 1974-ஆம் ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தத்தில் சிறை சென்றவர். மே தினக் கூட்டங்களில் அவர் ஜான் ஹென்றி பாட்டை வங்காளியில் பாடுவார். ஜான் ஹென்றி என்பவர் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட கறுப்பினத் தொழிலாளி என்கிறது கதை. நீராவியால் ஓடும் துளையிடும் இயந்திரத்தை முதலாளி கொண்டு வந்தபோது, கையில் சம்மட்டியோடு அதனுடன் போட்டி போட்டு, ஜெயித்து, சம்மட்டி கையில் இருக்கவே இறந்து போனவர். 1870-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் பிக் பெண்ட் சுரங்கம் குடைந்த காலத்தோடு இந்தக் கதையைச் சேர்த்துச் சொல்லுகிறார்கள். ஆள் உண்மையோ, கதையோ, பாட்டு உண்மை. அந்தப் பாட்டை வங்காளத்துக்குக் கொண்டு வந்தவர் ஹேமாங்க விஸ்வாஸ். அசாமின் பூபேன் ஹசாரிகா நியூயார்க்கில் படிக்கப் போனவர். கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் மிசிசிப்பி நதியைப் பாடியதைக் கேட்டு, அந்த உந்துதலில் நம் நாட்டு நதியைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பாடினார். வங்காளத் தொழிலாளியும் அசாம் தொழிலாளியும் அந்தப் பாட்டுகளைத் தம் பாட்டாக ஆக்கிக் கொண்டார்கள். நாம்?

நம் ரயில்வேக்காரர் ஒருவர் கதையையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்து ஜிம்மி ரோட்ஜர்ஸ் ரயிலில் பிரேக்மேன் வேலை பார்த்தவர். காசநோய் வந்து, ரயில் வேலையை விட்டு, பாட ஆரம்பித்தார். 1927-ல் முதல் இசைத்தட்டு, 1933-ல் மரணம். ஆறே ஆண்டுகள். கூடவே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களிடம் கேட்ட பாட்டையும், தன் வெள்ளை ஏழை ஜனங்களின் பாட்டையும் சேர்த்துப் பாடினார். இன்று 'கன்ட்ரி' என்று உலகம் கேட்கிற இசையின் தந்தையாக அவரைச் சொல்லுகிறார்கள். ஒரு பிரேக்மேன்!

எப்படிக் கேட்பது?

இந்தப் பாட்டுகளை முதல் தடவை கேட்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது. குரலில் தேன் இல்லை, பின்னால் நாற்பது வயலின் இல்லை, ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. 'இது என்ன பாட்டு?' என்றுதான் கேட்டேன். வங்காளத் தோழர் சொன்னார்: "உங்க ஊரில் சாவு வீட்டில் அழும் பெண்ணிடம் போய், சுருதி சரியில்லை என்பீர்களா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குக் காது திறந்தது. புளூஸ் என்று கறுப்பின மக்கள் பாடுவது நம் ஒப்பாரிக்கு அக்காள் தங்கை. நெஞ்சில் இருக்கும் பாரத்தை ஒருமுறை சொல்லி, மறுமுறையும் அதையே சொல்லி, மூன்றாவது அடியில் ஒரு திருப்பம் வைப்பார்கள். திரும்பத் திரும்ப வருவது பாட்டுக்காரருக்குச் சொல் கிடைக்காததால் அல்ல. கூட்டம் கூடச் சேர்ந்து பாட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மனத்தில் நிற்க வேண்டும். நம் நடவுப் பாட்டிலும் கும்மியிலும் இதே ஏற்பாடுதான். அவர்களுடைய பாஞ்சோ என்ற கருவி, அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தம் நினைவிலிருந்து செய்து கொண்டது. வெள்ளைக்காரர் அதை முதலில் கேலிப் பொருளாக வைத்து ஆடினார்கள், பிறகு தம்முடையது என்றார்கள். பறையை இழிவு என்று ஒதுக்கிவிட்டுப் பிறகு அதையே விழா மேடையில் ஏற்றிக் கைதட்டுகிற நம் நாட்டுக்கு இந்தக் கதை புதிதா?

ஆகவே கேட்கும்போது குரலின் அழகை மட்டும் தேடாதீர்கள். இந்த ஆள் என்ன வேலை செய்தார்? யாருக்காகப் பாடினார்? யாருக்குக் கேட்கக் கூடாது என்று எதை மறைத்துப் பாடினார்? இந்த மூன்று கேள்வியையும் வைத்துக் கொண்டு கேளுங்கள். பொருள் தெரியாத சொல்லுக்குப் பிள்ளைகளைக் கேளுங்கள். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இப்போது எனக்குப் பொருள் சொல்லுவது அவள்தான்.

கோட்டி வேலை செய்த கிழவி

அன்று என் கைப்பேசியில் பாடிய கிழவி யார் என்று சொல்லுகிறேன். எலிசபெத் காட்டன். 1890-களில் வட கரோலினா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருக்கும்போதே வெள்ளைக்காரர் வீட்டில் மாதம் முக்கால் டாலருக்கு வேலைக்குப் போனார். அந்தக் காசில் சேர்த்து ஒரு கிடார் வாங்கினார். இடது கைக்காரர் ஆகையால் கிடாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே வாசிக்கப் பழகினார். வீட்டுக்கு அருகே சரக்கு ரயில் போகும் சத்தத்தைக் கேட்டு, பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு கல்யாணம், குழந்தை, வேலை. கோயிலில் 'உலகப் பாட்டு வேண்டாம்' என்றார்கள். கிடாரை வைத்துவிட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதைத் தொடவில்லை.

வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, தாயைத் தவறவிட்ட ஒரு குழந்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தக் குடும்பம் அவரை வீட்டு வேலைக்கு அழைத்துக் கொண்டது. அது சீகர் குடும்பம். நாடு முழுவதும் நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்த, பாடிய குடும்பம்! தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். உலகத்துப் பாட்டையெல்லாம் ஊர் ஊராகத் தேடியவர்கள் வீட்டில், அடுப்பங்கரையில், அந்தப் பாட்டே நின்று ரொட்டி சுட்டுக் கொண்டிருந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கிடாரை எடுத்து அவர் வாசித்ததை வீட்டுப் பெண் பெக்கி கேட்ட பிறகுதான் தெரிந்தது.

பெக்கி அந்தச் சரக்கு ரயில் பாட்டை இங்கிலாந்தில் பாடினார். அங்கே வேறு சிலர் அதைத் தாங்கள் எழுதியதாகப் பதிவு செய்து கொண்டார்கள். 1957-ல் அது பெரும் புகழ் பெற்றது. கட்டியவர் வாஷிங்டனில் துணி துவைத்துக் கொண்டிருந்தார்! போராடித்தான் அவருடைய பெயரை அந்தப் பாட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. 1958-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு மேடை ஏறினார். 1985-ல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அமெரிக்காவின் கிராமி விருது பெற்றார். 1987-ல் காலமானார்.

நம் தாய்மார்களில் எத்தனை பேர் கோட்டி வேலைக்குப் போகிறார்கள்! (திருநெல்வேலிக்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும். டில்லியில் அது பங்களா.) அவர்கள் தேய்க்கிற பாத்திரத்தின் எண்ணிக்கை வீட்டுக்காரிக்குத் தெரியும். அவர்கள் நெஞ்சில் இருக்கும் பாட்டின் எண்ணிக்கை யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரியை விடுங்கள். நமக்குத் தெரியுமா?

பெயரைக் கேட்டவன்

உடி கத்ரி என்றொருவர். 1912-ல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். 1930-களில் அந்தப் பக்கத்தில் மழை பொய்த்து, மண் புயலாக எழுந்து, வயல்கள் பாழாயின. லட்சக்கணக்கான குடியானவர்கள் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் மாநில எல்லைக்கே போய் நின்று, கையில் காசு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே! எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும் 'ஓக்கி' என்று ஏளனமாக அழைத்தார்கள். சேலமோ, விழுப்புரமோ, மதுரையோ, எந்த ஊரானாலும் இந்த நகரத்தில் நமக்கு 'மதராசி' என்ற ஒரே பெயர் இருந்ததே, அதைப் போல. உடி கத்ரி அவர்களோடு அலைந்தார், அவர்கள் முகாம்களில் பாடினார், அவர்கள் பேசிய பேச்சிலேயே பாட்டு எழுதினார்.

1948 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு விமானம் எரிந்து விழுந்தது. இறந்தவர் 32 பேர். அதில் 28 பேர் மெக்சிகோவிலிருந்து பழம் பறிக்க வந்து திருப்பி அனுப்பப்பட்ட கூலிகள். விமானம் ஓட்டியவர் முதலானோர் பெயர்கள் செய்தியில் வந்தன. கூலிகளுக்குப் பெயரில்லை; 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்று மட்டும் வந்தது. அவர்களை ஒரே குழியில் புதைத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு உடி கத்ரி எழுதிய பாட்டு, அவர்களுக்குப் பெயர் இல்லையா என்று கேட்டது. பாட்டு கேட்ட கேள்விக்கு 2013-ல்தான் பதில் கிடைத்தது. அந்தக் கல்லறையில் அத்தனை பேர் பெயரையும் பொறித்தார்கள். அறுபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கேள்வியைச் சாகவிடாமல் வைத்திருந்தது பாட்டுதான்.

அவருக்கு முன்னோடி ஜோ ஹில். ஸ்வீடனிலிருந்து பிழைக்கப் போன தொழிலாளி. ஜனங்களுக்குப் பழகிய கோயில் பாட்டு மெட்டில் சங்கத்துப் பாட்டு எழுதினார். துண்டுப் பிரசுரத்தை ஒரு தடவை படிப்பார்கள், பாட்டை மனப்பாடம் செய்து திரும்பத் திரும்பப் பாடுவார்கள் என்பது அவர் கருத்து. கொலைக் குற்றம் சாட்டி 1915-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று தொழிலாளர் உலகம் இன்றும் சொல்லுகிறது.

இது நமக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் டில்லிப் பள்ளிகளில் காலை வணக்கத்தில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' பாடுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1945-46-ல் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள், ஒரு கோயில் பாட்டை மாற்றி மறியல் வரிசையில் நின்று பாடினார்கள். அங்கிருந்து தொழிலாளர் பள்ளிக்கு, அங்கிருந்து பீட் சீகர் முதலானோருக்கு, அங்கிருந்து 1960-களின் கறுப்பின உரிமைப் போராட்டத்துக்கு, அங்கிருந்து உலகம் முழுவதற்கும் போயிற்று. இந்தியில் ஆக்கியவர் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர். சுருட்டுச் சுற்றிய பெண்களின் பாட்டைப் பீடி சுற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் பாடுகிறார்கள். யாருடைய பாட்டு என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நம்மிடம் இல்லையா?

இருக்கிறது. இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், கூட்டங்களில் தாமே பாட்டு எழுதிப் பாடியவர். 1940-ல் அவருடைய பாட்டுகள் நூலாக வந்தன. ஜோ ஹில் செய்ததையே அவர் ஹட்டனில் செய்தார். தோட்டத்து மக்களின் பாட்டுகளைச் சேகரித்து வைத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கையில் ஆர்மோனியத்தோடு மேடை மேடையாகச் செங்கொடிக்குப் பாடினார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் அவர் பாடியதை இன்றும் சொல்லுவார்கள். அவர் தம்பிதான் இளையராஜா. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டு போனவர் கே.ஏ. குணசேகரன். 2016-ஆம் ஆண்டில் இருவரையும் இழந்தோம். கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் பள்ளிக்கூடம் போகாமலே பாட்டுக் கட்டினார். 'ஆண் பாவம்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேராசிரியர் நா. வானமாமலை தம் மாணவர்களையும் தோழர்களையும் கூட்டிக் கொண்டு நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார்.

2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது நம் காலனிப் பிள்ளைகள் எல்லாம் ஆடினார்கள். அதைப் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை அந்தப் பாட்டுக்குள் கொண்டு வந்தார். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சச்சரவும் வெளியே வந்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு கிழவியின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு என்பதை மட்டும் அதிலிருந்து தெரிந்து கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டுக்கு நான் விரோதியல்ல. இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமாவில் எழுதியதுதான் எங்கள் சங்கத்தின் பால பாடம். ஆனால் சினிமாப் பாட்டு நம்மிடம் வருகிற பாட்டு. நம்மிடமிருந்து போகிற பாட்டு எது? பம்பாயில், டில்லியில், கொழும்பில், பினாங்கில் பிழைத்த தமிழன் தான் பட்டதைத் தன் வாயால் சொன்ன பாட்டு எது? அதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

என் குற்றம்

இனி நான் சொல்ல வெட்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாயார் கிட்வாய் நகரிலும் பக்கத்துக் காலனிகளிலும் முப்பது ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். ஒரே காலத்தில் ஏழு வீடு. எந்த வீட்டிலும் அவர் பெயரைச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஏழு வீட்டில் ஏழு பெயர். அந்த ஏழு பெயரையும் வரிசையாக வைத்து அம்மா ஒரு கும்மிப் பாட்டுக் கட்டியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடி. அந்த வீட்டுக்காரியின் குணம், அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம், அந்த வீட்டு நாய், எல்லாம் அதில் இருக்கும். கடைசி அடியில் தன் சொந்தப் பெயரைச் சொல்லி முடிப்பார். பழைய குவார்ட்டர்ஸ் வேப்ப மரத்தடியில் சாயங்காலம் பெண்கள் கூடும்போது பாடுவார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழா. நான்தான் விழாச் செயலாளர். தொடக்கத்தில் பத்து நிமிஷம் பெண்கள் கும்மி என்று போட்டிருந்தோம். மெல்லிசைக் குழு தாமதமாக வந்தது. மணிக்கணக்கில் பணம் பேசியிருந்தோம். அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் மேடையில் நின்று இரண்டாவது பெயருக்கு வந்திருப்பார்கள். நான் பக்கவாட்டில் நின்று, 'போதும், இறங்குங்க' என்று கையைக் காட்டினேன். இறங்கினார்கள். அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பரவாயில்லப்பா, உனக்கு நேரமாச்சு."

அடுத்த இரண்டாம் வருஷம் அம்மா போய்விட்டார். அந்தப் பாட்டை யாரும் பதிவு செய்யவில்லை. கையில் கைப்பேசி இருந்தது; என் மகளின் பிறந்த நாளைப் படம் பிடித்தேன், அலுவலகப் பிரிவு உபசார விழாவைப் படம் பிடித்தேன். இதைப் பிடிக்கவில்லை. ஏழு பெயரில் எனக்கு இன்று நினைவிருப்பது நான்கு. மீதி மூன்றைக் கேட்கலாம் என்றால், கூடப் பாடிய பெண்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. அந்த வேப்ப மரத்தடியும் போயிற்று.

எலிசபெத் காட்டன் கதையைப் பிறகுதான் கேட்டேன். சீகர் வீட்டாராவது தெரியாமல் இருந்தார்கள். நான் தெரிந்தே கையைக் காட்டினேன்.

என்ன செய்யலாம்?

அமெரிக்கர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1928-ல் அவர்களுடைய நாடாளுமன்ற நூலகத்தில் நாட்டுப்பாடலுக்கென்று ஒரு காப்பகம் தொடங்கினார்கள். 1933-ல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் கனமான ஒலிப்பதிவு இயந்திரத்தைக் காரில் ஏற்றிக் கொண்டு தோட்டங்களுக்கும் சிறைகளுக்கும் போனார்கள். லூசியானாச் சிறையில் லெட் பெல்லி என்ற பெரும் பாடகரைக் கண்டெடுத்தது அந்தப் பயணத்தில்தான். ஆனால் பதிவு செய்தவர்களே பாட்டின் உரிமையில் தங்கள் பெயரையும் சேர்த்துக் கொண்டதும் உண்டு. நல்லதையும் கற்போம், கெட்டதையும் தெரிந்து கொள்வோம்.

நமக்குக் கார் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒவ்வொருவர் பையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. வேண்டியது காது. நேரமும் அதிகம் இல்லை. 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி உண்டு என்று சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு. மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். வீடு போனதைப் பற்றி நாம் பேசினோம், மனுக் கொடுத்தோம். ஒரே சந்தில் ஐம்பது ஆண்டுகள் கூடிப் பாடிய பெண்கள் மூலைக்கொருவராகப் போனதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க இன்னொருவர் முடிக்கிற பாட்டுக்கு, இருவரும் அருகே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரிடமும் பாதிப் பாட்டுத்தான் இருக்கும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு இளைஞர்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து, அறுபது வயதைக் கடந்த நம் தாய்மார்களிடமும் பெரியவர்களிடமும் போய் உட்கார வேண்டும். பாடச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது. என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள், பாட்டு தானே வரும். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு மட்டுமல்ல, டில்லிக்கு வந்த பிறகு கட்டிய பாட்டையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பாட்டோடும் பாடியவரின் பெயர், ஊர், செய்த வேலை எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் வெளியே விடக் கூடாது. நாளை அந்தப் பாட்டால் ஒரு ரூபாய் வந்தாலும் அது அவருக்கு. சரக்கு ரயில் பாட்டுக்கு நடந்தது நம் வீட்டில் நடக்கக் கூடாது.

மூன்றாவது, அடுத்த பொங்கல் விழாவில் முதல் ஒரு மணி நேரம் மெல்லிசைக் குழுவுக்கு இல்லை. அது உழைத்தவர்கள் பாடும் நேரம். மின்சாரக் கருவி வேண்டாம். ஒரு பறை, ஒரு உடுக்கை, அல்லது வெறும் கைத்தட்டு போதும். இடையில் விருப்பமுள்ள பிள்ளைகள் ஜான் ஹென்றியையும் எலிசபெத் காட்டனையும் தமிழில் கதையாகச் சொல்லிப் பாடட்டும். விருந்தாளியை அழைக்கும்போது வீட்டுக்காரரை எழுந்து போகச் சொல்லக் கூடாது. இருவரும் ஒரே பந்தியில் உட்காரட்டும்.

'கூட்டம் வராது' என்று குழுவில் சிலர் சொல்லுவார்கள். வராமலும் போகலாம். முதல் வருஷம் முப்பது பேர் வந்தால் முப்பது பேருக்குப் பாடுவோம். சம்பள உயர்வுக்காக வாயிற் கூட்டம் போட்டபோதும் முதல் நாள் முப்பது பேர்தானே வந்தார்கள்?

கேள்வி கேட்ட தம்பிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. நீர் கேட்ட அன்று ராத்திரி உம் வீட்டு வழியாகத்தான் போனேன். உள்ளே உம் பாட்டி பேரக்குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக் கொண்டிருந்தார். தாலாட்டில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் வந்தது, போபால் வந்தது, ஜான்சி வந்தது. அந்தப் பாட்டை நான் எங்கும் கேட்டதில்லை. அது அவர் கட்டியது. கதவைத் தட்ட எனக்கு உரிமை இல்லை. உமக்கு இருக்கிறது. இன்றைக்கே போய்க் கேளும். பாட்டியம்மா 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா' என்றுதான் முதலில் சொல்லுவார். எழுந்து போய்விடாதீர். உட்கார்ந்திரும்.